காற்றில் தொங்கிய சென்சார்

போடியில் ஏலக்காய் உலர்த்தும் அறைகளுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். சர்க்கரை நோயில் என் மனைவிக்கு முழங்காலுக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. வெந்நீரில் வைத்தால் உணர்ச்சி திரும்பும் என்று அவள் நம்பினாள். கால் வைக்க ஒரு தொட்டி வாங்கி, ஹீட்டரையும் பெட்டியையும் நானே பொருத்தினேன்.

ஏலக்காய் அறையில் சூட்டை அளக்கும் சென்சார் காற்றில்தான் தொங்கும். அந்தக் கைப்பழக்கத்தில் தொட்டியிலும் அதைத் தண்ணீருக்கு மேலேயே தொங்கவிட்டேன். பெட்டி காட்டிய எண் ஏறவில்லை. ஹீட்டரும் நிற்கவில்லை. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவள் முகம் மலர்ந்தது. “என்னங்க, லேசா சூடு தெரியுதுங்க!”

“இன்னும் கொஞ்ச நேரம் வச்சிரு” என்றேன், சந்தோஷமாக.

ஆவி பறந்த பிறகுதான் தண்ணீரில் கை வைத்தேன். விரல் வெந்துவிட்டது. அவள் கால்களைத் தூக்கினால், தோல் உரிந்து தொங்குகிறது.

ஆஸ்பத்திரியில், “டாக்டரு என்ன சொன்னாக?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போர்வையை இழுத்து அவள் கால்களை மூடினேன்.

இப்போதெல்லாம் முழங்கையை விட்டுப் பார்க்காமல் அவளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊற்றுவதற்கு ஒரு கால்தான் மிச்சம்.