ஜெர்மனி பிரஸ்ஸும் என் ஜெர்மனும்

திருவொற்றியூரில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அழுத்தி லாரி அச்சு செய்யும் தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்பு, வெளிநாடு போகும் ஆசையில் மூன்று மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். வேலை கிடைக்கவில்லை, ‘ஜெர்மன் தெரிந்தவர்’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது. நானும் மறுத்ததில்லை.

சமீபத்தில் எங்கள் முதலாளி, ஜெர்மனியில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின், இரும்பை அழுத்தும் பெரிய பிரஸ்ஸை வாங்கினார். ரஷ்யாவின் கேஸ் நின்றுபோனதும் உலை எரிக்கக் கட்டுப்படியாகாமல் மூடிவிட்டார்களாம். வந்திறங்கிய இயந்திரத்தின் நெற்றியில் வெள்ளை பெயின்ட்டில் இரண்டு வரி இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்தது ‘நன்றி’ என்ற ஒரே சொல். “தண்ணி படக் கூடாது, நன்றின்னு போட்டிருக்கான்” என்று மீதியை நானே இட்டு நிரப்பினேன். ராயபுரத்துக்காரரான கிரேன் ஆபரேட்டர் உடனே தார்ப்பாய் போட்டு மூடினார். கொளுத்தும் வெயிலில் பத்து நாள் அது அப்படியே கிடந்தது.

பிறகு, அந்த பிரஸ்ஸில் இருபது வருடம் வேலை பார்த்த ஜெர்மன் ஃபிட்டர் அதைப் பூட்டிக் கொடுக்க வந்தார். தார்ப்பாயை விலக்கினார். எழுத்தை விரலால் தடவினார். என்ன என்று கேட்டதற்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “கடைசி ஷிப்ட். எல்லாருக்கும் நன்றி.”

“இன்னா மாமு, தண்ணி படக் கூடாதுன்னே?” என்றார் கிரேன் ஆபரேட்டர்.

அத்துடன் வாயை மூடியிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் அந்த மனிதருக்கே அவர் நாட்டைப் பற்றி வகுப்பெடுத்தேன். அணுமின் நிலையங்களை மூடியது தப்பு, ஒரே நாட்டின் கேஸ் குழாயை நம்பியது அதைவிடத் தப்பு என்று விளாசினேன். அவர் தயிர்சாதத்தைப் பொறுமையாகக் கிளறினார்.

“அணுமின் நிலையத்தை மூடச் சொல்லி ஊர்வலம் போனவன் நான். கேஸ் மலிவாக வந்தபோது நானும் எதுவும் கேட்கவில்லை” என்றார். இந்த பிரஸ்ஸில்தான் டாங்கியின் சங்கிலிப் பட்டைக்கு உறுப்புகள் செய்தார்களாம். இப்போது ராணுவத்தைப் பெருக்க அவர்கள் அரசாங்கம் அவசரப்படுகிறதாம். செய்து கொடுக்க ஆள் தேடுகிறார்களாம்.

நான் கை கழுவிய ஈரத்தோடு மேனேஜரிடம் ஓடினேன். “சார், டாங்கி ஆர்டர் புடிக்கலாம்!”

“ராணுவ சாமானுக்கு லைசென்ஸ் வாங்கணும்பா. மொதல்ல அச்சு ஒண்ணு அடிச்சுக் காட்டு” என்றார்.

சோதனை ஓட்டத்தன்று மூன்றாவது அழுத்தத்திலேயே பிரஸ் நின்றது. விளக்குகளும் அணைந்தன. கோளாறு எங்கள் மின் பேனலில். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். ஒரு நாட்டின் மின்சாரக் கொள்கையையே திருத்தியவன், இருட்டில் டார்ச்சைத் தேடினேன். ஃபிட்டர் தன் கைபேசி விளக்கை எனக்குப் பிடித்தார். இரண்டு நாள் சேர்ந்து உழைத்துச் சரிசெய்தோம்.

இப்போது அதில் லாரி அச்சு ஓடுகிறது. போன வாரம் அவர் செய்தி அனுப்பியிருந்தார்: பழைய தொழிற்சாலையில் மறுபடி ராணுவ வேலை தொடங்கப் பேசுகிறார்களாம். கட்டடம் இருக்கிறது, பிரஸ் இல்லை, பழகிய ஆட்களும் கலைந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். என்ன பதில் போடுவதென்று தெரியாமல் ‘சபாஷ்’ சொல்லும் கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழிப்பதற்குள் பார்த்துவிட்டார்.