கட்டுக்கு ஒரு விளம்பரம்

கேபிளை வெட்டிய அன்றைக்கு என் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான். எதிர்வீட்டு அக்கா. பக்கத்து வீட்டுப் பெரியம்மை. மாடியில் குடியிருக்கிற என் கொழுந்தன். பெட்டியைக் கழற்ற வந்த கேபிள்கார அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் மில்லில் பகல் ஷிப்டில் இருந்தார், அவரைச் சேர்க்கக் கூடாது. இவ்வளவு சுத்தமாகத் தலையை எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் விவகாரம் ஆனபோது ஒவ்வொருத்தராக, “நான் அன்னைக்கு அங்கன இல்லவே இல்லையே”, “எனக்கு ஒண்ணும் தெரியாதே” என்றார்கள். அத்தனை பேர் சொன்னதையும் நம்பினால், நான் ஒருத்தியே ஸ்டூலில் ஏறி நின்று என் கேபிளை நானே வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவில் ஆண்களுக்கு நூல் மில், பெண்களுக்குப் பீடி. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பீடி சுற்றச் சொளவு முறத்தை மடியில் வைத்தவள். என் பெயரும் போட்டோவும் போட்டு, சீல் குத்தி, எனக்கென்று இருக்கிற ஒரே புத்தகம் பீடிக் கம்பெனி பாஸ் புத்தகம்தான். பி.எஃப். ஏறுவது அதில்தான். வாரா வாரம் சொன்ன எண்ணிக்கை போகவில்லை என்றாலோ, போன பீடியில் கழிவு கூடினாலோ, புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேறு ஆளுக்கு இலை கொடுத்துவிடுவார்கள். கேஸ் அடுப்பை அடைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறவள் நான். இந்தப் பயத்தை எத்தனை தடவை போய்ப் பார்ப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் பெரியம்மையும் பகல் பதினோரு மணிக்குத் தங்கள் சொளவோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இணைப்பு என் வீட்டில், மாதம் இருநூற்று எண்பது ரூபாய், மூன்று பேரும் போட்டுக் கொடுப்போம். சீரியல் பார்ப்போம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். யாரும் பார்ப்பதில்லை. கண் இலையில் இருக்கும், காது டிவியில் இருக்கும். நம் சீரியலில் பார்க்க என்ன இருக்கிறது? மாமியார் வந்தால் அவளுக்கென்று ஒரு இசை, அவள் வாசலில் கால் வைக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும். ஒருத்தி விஷப் பாட்டிலை எடுத்தால், “என்ன, கையில விஷப் பாட்டிலோட நிக்கே?” என்று இன்னொருத்தி கேட்டுவிடுவாள். அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்து எதற்குக் கழுத்து வலிக்க வேண்டும்?

விளம்பரம்தான் எங்கள் கடிகாரம். கதை ஓடும்போது சுற்றுவோம். விளம்பரம் வந்ததும் கதையும் நிற்கும், கையும் நிற்கும். சுற்றிப் போட்டதில் இருபத்தைந்து எண்ணி, ஒரு கட்டாகக் கட்டி வைப்போம். ஒரு விளம்பரத்துக்கு ஒரு கட்டு. சோப்பு, நகைக்கடை, சமையல் எண்ணெய், மறுபடி சோப்பு, அதற்குள் கட்டு முடிந்திருக்கும். இத்தனை வருசத்தில் ஒரு கட்டில்கூட எனக்கு எண்ணிக்கை குறைந்ததில்லை.

இதை மாற்றி எங்களை முன்னேற்றத்தான் கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவன் அம்பாசமுத்திரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். கடையில் நான்கு வார்த்தை இங்கிலீஷ் கேட்டுவிட்டு வந்தால் இரண்டைக் கீழ்வீட்டில் சொல்லாமல் மாடிப்படி ஏற மாட்டான்.

“இந்தக் காலத்துல எவன் மதினி கேபிள் வச்சிருக்கான்? டிவி பின்னால ஒரு குச்சி சொருகணும். எங்க வீட்டு வைஃபை இங்கன வரைக்கும் எடுக்கும். உலகத்துல உள்ள படம் பூரா வரும். விளம்பரமே கிடையாது.”

“விளம்பரமே கிடையாதா?” என்று பெரியம்மை வாயைப் பிளந்தாள். அந்த இடத்தில்தான் நாங்கள் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. விளம்பரம் இல்லை என்றால் நல்லதுதானே என்று மூன்று பேரும் தலையை ஆட்டினோம்.

“எவ்வளவுலே ஆகும்?” என்றாள் பெரியம்மை.

“குச்சி ரெண்டாயிரத்தி நானூறு. வருசச் சந்தா ஆயிரத்தி ஐந்நூறு. ஆளுக்கு ஆயிரத்தி முந்நூறு.”

கேபிளுக்கு வருசத்துக்கு மூவாயிரத்து முந்நூற்று அறுபது. இவன் கேட்பது மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ஏழாம் வகுப்பில் கழித்தல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்டேன்.

“மொத வருசம் அப்படித்தான் மதினி. ரெண்டாம் வருசத்துலருந்து பூராம் லாபம்.”

கேபிள்கார அண்ணாச்சி பெட்டியைக் கழற்றி, வயரைச் சுருட்டிக் கம்பத்தோடு கட்டினார். சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். காப்பி கொடுத்தேன், குடித்தார். செருப்பைப் போடும்போது மட்டும், “என் நம்பரை அழிச்சிராதீங்க, தங்கச்சி” என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

முதல் இரண்டு நாள் பழைய சீரியலையே அதில் பார்த்தோம். மூன்றாம் நாள் கொழுந்தன் எங்களை மேலும் முன்னேற்றினான். “இதைப் பாருங்க, இதுதான் நாடகம்” என்று எந்தத் தேசத்துக் கதையோ தமிழில் பேசவிட்டதைப் போட்டுவிட்டுப் போனான். எல்லாரும் ஒரே நிறம், ஒரே மூக்கு, ஒரே மாதிரி கோட்டு. பெரியம்மைக்குப் பிடித்துப் போயிற்று. அந்தக் கதாநாயகிப் பிள்ளை மழையில் நனைந்தால் இவள் முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். ஆனால் அந்தப் பிள்ளை பேச மாட்டாள். அதுதான் வினையே. கோபம் வந்தால் ஜன்னலைப் பார்ப்பாள். ஆசை வந்தாலும் அதே ஜன்னலைத்தான் பார்ப்பாள். எதற்குப் பார்க்கிறாள் என்று தெரிய நாமும் அவளைப் பார்க்க வேண்டும். காதால் கேட்டு ஒன்றும் ஆகாது. விளம்பரமும் இல்லை. ஒரு பாகம் முடிந்தால் மூச்சு விடுவதற்குள் அடுத்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். எங்கே நிறுத்தி எங்கே எண்ணுவது? சுற்றிய பீடி மடியில் குவிந்து கிடக்கும். சாயங்காலம் அவசரமாக அள்ளிக் கட்டுவோம்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனிக் கடையில் கணக்கப்பிள்ளை என் கட்டில் ஒன்றை உருவிப் பிரித்தார். இருபத்து மூன்று. இன்னொன்று. இருபத்தாறு. ஒரு பீடியை எடுத்து மேசையில் தட்டினார், தூள் பாதி உதிர்ந்தது. இன்னொன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். நுனியை மடக்கி அமுக்கவே இல்லை.

“இதென்னம்மா, வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கி? கொட்டாவி விடுதா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் முந்நூறு பீடியைக் கழித்துப் போட்டு, புத்தகத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார். “அடுத்த வாரமும் இப்படின்னா புத்தகத்தை இங்கன வச்சிட்டுப் போயிருங்க. இலைக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கு” என்றார். அக்காவுக்கு நூற்றைம்பது கழிந்தது. பெரியம்மை ஒரு கட்டிலும் பிடிபடவில்லை, அன்றைக்கு அவளுக்கு நல்ல நேரம்.

வீட்டுக்கு வந்து சிவப்பு மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியும். வாசிக்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தோம். பெரியம்மை மட்டும் பார்த்துச் சொல்வது, அக்காவும் நானும் தலை குனிந்து சுற்றுவது.

“அவ பாக்கா” என்றாள் பெரியம்மை.

“சரி.”

“இப்பவும் பாக்கா. அவனும் பாக்கான்.”

“பாத்தாச்சுல்லா, பெறகு?” என்றாள் அக்கா.

“பெறகும் பாக்கா. ஏட்டி, அழுதா. இல்ல, அழல. மழைத்தண்ணி.”

“பெரியம்மை, என்ன நடக்குன்னு சொல்லுங்க.”

“ஒண்ணும் நடக்கல. ஆனா என்னமா இருக்கு தெரியுமா?”

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துவிட்டோம். என் சொளவில் இருந்த இலை நான்கு கிழிந்தது.

புதன்கிழமை அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அந்தப் பிள்ளை கடைசியில் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்த நேரம் திரை கறுத்து, ஒரே சமயத்தில் இத்தனை பேர் பார்க்க முடியாது என்று எழுத்து வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த கொழுந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். வள்ளியூரில் மாமனார் வீட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறான். செல்போன் கடையில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறான். நாங்கள் மூன்று பொம்பளைகள் பீடி சுற்றி வள்ளியூருக்குப் படம் காட்டியிருக்கிறோம்.

“அவிய மதியம் தூங்குவாவன்னு நெனச்சேன், மதினி.”

டிவியை அமர்த்திவிட்டுச் சுற்றினோம். இப்போதாவது கை ஓடும் என்று பார்த்தால், அதுதான் இல்லை. வீட்டில் சத்தமில்லை என்றால் எனக்குள் சத்தம் ஆரம்பித்துவிடும். புத்தகம் போனால் பி.எஃப். என்ன ஆகும், எங்கே போய் எழுதிக் கேட்க வேண்டும், அந்தத் தாளை யார் நிரப்பித் தருவார்கள், என் பிள்ளையின் கல்லூரிப் பணத்துக்கு இதைத்தானே நம்பியிருந்தேன். ஒவ்வொரு பீடிக்கும் ஒரு கவலை வைத்துச் சுற்றினேன். சீரியலில் எவளோ ஒருத்தியின் புருசனை இன்னொருத்தி பறிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு சுற்றிய காலத்தில், என் கவலையை அவள் பட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருசமும் இருநூற்று எண்பதில் என் பங்கை எதற்குக் கொடுத்தேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சொளவை இறக்கி வைத்துவிட்டுக் கேபிள்கார அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணிக்குள் எடுத்தார்.

“சொல்லுங்க, தங்கச்சி. வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் சொகமா?”

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அரை மணியில் வந்தார். வெட்டிய வயரை மறுபடி இழுக்க ஐந்நூறு ரூபாய் என்றார். பைய அக்காவைப் பார்த்தேன். “நான் அன்னைக்கு அங்கன இல்லவே இல்லையே, நீதானட்டி வெட்டச் சொன்னே” என்றாள். பெரியம்மை, “எனக்குக் காது சரியா கேக்காது, என்ன பேசுனீங்கன்னே தெரியல” என்றாள். மழைத்தண்ணிக்கும் கண்ணீருக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்தவளுக்குக் காது கேட்காது. ஐந்நூறையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணாச்சி பெட்டியையும் வயரையும் மாட்டியதும் முதலில் வந்தது சோப்பு விளம்பரம். மூன்று பேரும் எண்ண ஆரம்பித்தோம்.

அந்தச் சனிக்கிழமை கணக்கப்பிள்ளை என் கட்டுகளில் ஐந்தைப் பிரித்தார். ஐந்திலும் இருபத்தைந்து. ஒரு பீடியைத் தட்டினார், தூள் அசையவில்லை. “கொட்டாவி நின்னுட்டு போல” என்று சொல்லிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தேன், புத்தகத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு.

குச்சி இப்போது மாடியில் கொழுந்தன் டிவியில் இருக்கிறது. அக்கா தெருவில் நின்று சத்தம் போட்டாள், அவளுக்கு ஆயிரத்து முந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெரியம்மை, “ஏலே, எப்பம்லே தருவே?” என்று தினம் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்தாள், நான்காம் நாள் அவளுக்கும் கொடுத்துவிட்டான். என்னிடம், “நீங்க மதினி, நம்ம வீட்டு ஆளு, உங்களுக்குக் குடுக்காம எங்க போயிரப் போறேன்?” என்கிறான். தினமும் பார்க்கிறேன், எங்கேயும் போகவில்லைதான். என் பங்கும் அந்த வயருக்குக் கொடுத்த ஐந்நூறும் சேர்த்து அவன் எனக்குத் தரவேண்டியது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.