சின்னம்மாள் போட்ட நாலு இலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெய்வேலியில் டீக்கடை போட்டு, அந்த வருமானத்திலேயே மாடி வீடு கட்டினேன். எவனிடமும் கைகட்டி நின்றதில்லை. அப்படிப்பட்ட நானே அசந்துபோனது சின்னம்மாளிடம்தான்.

சுரங்கத்துக்கு நிலம் போனபோது புருஷன் கலியமூர்த்தியோடு ஊரைவிட்டு வந்தவள். இருவருக்கும் காண்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளுவாள். பிள்ளை இல்லை. பர்மனென்ட் ஆகும் ஆகும் என்றே அவனுக்குத் தலை நரைத்தது.

எழுபதுகளின் கடைசியில் காண்ட்ராக்ட் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாதென்று தடை போட்டார்கள். என் கடையில் நாலு பேர் டீ குடித்தால் அடுத்தவன் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டான். போலீசுக்கு எவன் போய்ச் சொல்கிறான் என்று தெரியாது. சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னவன் மேல்கூட எனக்குச் சந்தேகம்.

அந்த நேரம் பார்த்துக் கலியமூர்த்தி காய்ச்சலில் போய்விட்டான். பயத்தில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பாடை தூக்க நாலு பேர், முன்பக்கம் நான். கொள்ளிச்சட்டியோடு அவன் தம்பி குழந்தைவேல். கொஞ்ச தூரத்தில் போலீஸ் வேன் மறித்தது.

"மொகத்தத் தொறந்து காட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். பிணத்தைச் சாக்கு வைத்து ஊர்வலம் போகிறோமென்று எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். துணியை விலக்கினோம். பார்த்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

"அஞ்சு பேர் இருக்கீங்க. ஒருத்தன் நின்னுக்க."

"யாருங்க நிக்கிறது? சட்டி வச்சிருக்கறவனா, தூக்கறவனா?" என்றேன்.

லத்தி என் முட்டியில் விழுந்தது. நான் பாடையை இறக்கவில்லை. "அஞ்சு பேரும் வேன்ல ஏறுங்கடா" என்றார். பிணம் தெருவிலா கிடப்பது?

பெண்கள் வாசலோடு நின்றுவிடுவது வழக்கம். சின்னம்மாள் வழக்கத்தைப் பார்க்காமல் ஓடி வந்தாள்.

"நீ வேற ஆறாவதா?"

"நான் வூட்டுக்குத் திரும்பிடுவேங்க. போலீசு நின்னா அது கூட்டத்துல சேருங்களா?"

"சேராது. ஏன்?"

"அப்ப ஒரு போலீசு தோள் குடுக்கட்டுங்க. எங்காளுங்க நாலு பேராயிடும். வெயில்ல காத்துக்கினு கெடக்குது பாருங்க."

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். பிறகு ஒரு கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். எனக்குப் பின்னால் தூக்கியவன் விலகி நிற்க, அந்த இடத்தில் அவன் தோள் கொடுத்தான். சுடுகாடு வரைக்கும் அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. எந்த வாசலில் யார் நின்று கும்பிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தான்.

கருமாதிக்கும் வந்தான், சாதா உடுப்பில். தடையை அப்போதும் எடுக்கவில்லை. சின்னம்மாள் அவனுக்கும் இலை போட்டாள்.

"நல்லா எண்ணிக்கங்க தம்பி. பந்திக்கு நாலு எலைதான். நீங்க ஒக்காந்தா அஞ்சு. நீங்கதான் கணக்குல சேர மாட்டீங்களே, ஒக்காருங்க."

உட்கார்ந்தான். வடை கேட்டு வாங்கித் தின்றான். யார் வந்தார்கள் என்று போய்ச் சொன்னானோ என்னவோ. அவனுக்கு எதிர் இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவன் கண் யார் மேல் போகிறதென்று பார்த்தபடி, அவன் கை கழுவிக்கொண்டு தெருவைத் தாண்டும்வரை நான் எழுந்திருக்கவில்லை.