ஏழாம் படுக்கை காலி இல்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மெர்வின் இதை ஒரே ஒரு முறைதான் சொன்னான். சொல்லும்போது சிரிக்கவில்லை. நடந்தது நடந்ததுதான்.

மைசூரில், மண்டி மொஹல்லா சந்து ஒன்றில் பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட சின்ன மருத்துவமனை. ஒவ்வொரு மெத்தைக்கு அடியிலும் ஒரு மெல்லிய பட்டை உண்டு. ஆள் படுத்திருந்தால் அது கணினிக்கு 'ட்ரூ' என்ற சொல்லை அனுப்பும். இல்லையென்றால் 'ஃபால்ஸ்'. அந்தச் சொல்லை 'ஆம்', 'இல்லை' என்று மாற்றிக்கொள்ளும் மென்பொருளை எழுதியவன் மெர்வின்.

தூக்கமில்லாமல் எழுதியதில் ஒரு பிழை. சும்மா மாற்றச் சொன்னால், ஏதோ ஒரு சொல் இருந்தாலே போதும், கணினி அதை 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். 'ஃபால்ஸ்' என்பதும் ஒரு சொல்தானே. சனிக்கிழமை காலையிலிருந்து காலிப் படுக்கைகளும் திரையில் சிவப்பாகவே நின்றன. பச்சை காட்டாமல் அட்மிஷன் சீட்டு அச்சாகாது. வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு மதியம் மெர்வின் வந்தான். கண்கள் எரிந்தன. நர்ஸ் விக்டோரியா நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"வாப்பா. உன் புண்ணியத்துல நாங்க ஹவுஸ்ஃபுல். உள்ளே மூணே பேஷண்ட்."

"அரை மணி நேரம் கொடுங்க சிஸ்டர்."

"நேத்து போன்லயும் இதையேதான் சொன்னே."

சொல்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி திருத்தினான். சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. எட்டுப் படுக்கைகள் காலி.

ஏழு மட்டும் மாறவில்லை.

"ஏழுல யாரு சிஸ்டர்?"

"யாரும் இல்லையே. ரெண்டு நாளா சும்மனே கிடக்கு."

பட்டை என்ன அனுப்புகிறது என்று பார்த்தான். 'ட்ரூ'. பிழை அவனுடையதல்ல. பட்டைதான் பழுது என்று நினைத்து வார்டுக்குள் போனான்.

ஜன்னலோரப் படுக்கை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. குனிந்து பட்டையின் ஒயரைப் பிடுங்கினான்.

"இப்போ பாருங்க சிஸ்டர்."

"சிவப்புதான்ப்பா." வெளியிலிருந்து குரல் வந்தது.

ஒயர் அவன் கையில் இருந்தது.

மெத்தைமேல் கை வைத்தான். சூடு...

தலையணை மெல்ல அமுங்கியது.

கட்டில் ஒரு முறை முனகியது.

பிறகு மூச்சு. இழுத்து... இழுத்து...

அவனுடையது அல்ல.

விக்டோரியா வாசலில் வந்து நின்றாள். தலையணையைப் பார்த்தாள்.

"சிஸ்டர்..."

"பேடா, வேணாம். விட்டுடு. படுத்திருக்கட்டும்."

திங்கட்கிழமை காலையிலும் ஏழு சிவப்பாகவே இருந்தது. ஞாயிறு விடுமுறை முடிந்து வந்திருந்தாள் ரிசப்ஷன் வினிதா. சனிக்கிழமை யாரையெல்லாம் திருப்பி அனுப்பினாள் என்று மெர்வின் கேட்டான். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கௌதள்ளியிலேர்ந்து ஒரு பெரியவர். ஜடையன்னு பேரு. மூச்சு விடவே முடியல. ஃபுல்லுன்னு சொன்னேன். கண்ணாடி வழியா கை காட்டி, 'அந்த ஜன்னலோரம் காலியாத்தானுங்க அம்மணி கெடக்குது'ன்னார். சிஸ்டம் ஒத்துக்கலைன்னேன்."

"அப்புறம்?"

"ஆட்டோ தெருமுனையே தாண்டல மெர்வின். அதுக்குள்ள போயிட்டார்."