வாய் திறக்காத வகுப்பு

அந்த மாலைநேர ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் 'கிராமர் அக்கா'. கடைக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் வாய் வலிக்க வலிக்கச் சொல்லிக்கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள்.

புது மேலாளர் வந்தார். வந்த கையோடு 'டீச்சர்' ஒழிந்தது, எல்லோரும் 'ஃபெசிலிடேட்டர்'. மாணவர்கள் 'லேர்னர்'. நாற்காலியை வட்டமாகப் போட்டால் 'லேர்னர் சென்டர்டு'. பதிலை நாம் சொல்லக்கூடாது, அவர்கள் வாயிலிருந்தே பிடுங்க வேண்டும், அது 'எலிசிட்'. விழாமல் தாங்கிப் பிடித்தால் 'ஸ்கஃபோல்டிங்'.

"அப்படின்னா சாரம் கட்டறதுதானே?" என்றான் அவள் கணவன். கட்டட மேஸ்திரி. "நாங்க சாரம் கட்டினா உள்ள ஒரு சுவராவது எழும்பும். உங்க ஆளு பேச்சுல சாரம் மட்டும்தான் நிக்குது, சாரமே இல்ல!"

விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் மேலாளர் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. 'டீச்சர் டாக் டைம்', அதாவது வகுப்பில் டீச்சர் பேசும் நேரம், அதிகம் என்று சொல்லித்தான் போன மாதம் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

முன்வரிசையில் ஒரு நர்ஸம்மா கையைத் தூக்கினாள். "அக்கா, நாளைக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி இன்டர்வியூ. வலி தாங்காம கத்தற நோயாளிகிட்ட என்ன பேசுவேன்னு கேப்பாங்களாம். எப்படிச் சொல்றது?"

பதில் இரண்டே வாக்கியம், நாக்கு நுனியில் இருந்தது. மேலாளர் பேனாவைத் திறந்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க? பக்கத்துல இருக்கறவரோட பேசிப் பாருங்களேன்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர் மளிகைக்கடைக்காரர். 'ஹவ் மச்' தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. இருவரும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் மேலாளர் கை கொடுத்தார். "எக்ஸலண்ட்! பதிலே சொல்லல நீங்க!"

அடுத்த வாரம் நர்ஸம்மா மாடிப்படியில் நின்றாள். "அதையேதான் கேட்டாங்கக்கா. எனக்கு நாக்கே எழல." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கு நீங்க சொல்லாம விட்டதும், உங்களுக்கும் தெரியாதுபோலன்னு நெனச்சிட்டேன்."

குரலில் கோபம்கூட இல்லை. அங்கேயே அக்கா அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிக்கொடுத்தாள். நர்ஸம்மா மரியாதைக்கு ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அப்புறம் வகுப்புப் பக்கமே வரவில்லை.

கிராமர் அக்கா மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"தோல்வின்னு சொல்லாதீங்க மேடம், அது லேர்னிங் ஆப்பர்ச்சூனிட்டி. புதுசா சேர்ந்த ஃபெசிலிடேட்டர்களுக்கு அந்த வகுப்பை அப்படியே நடத்திக் காட்டுங்க."

மாட்டேன் என்று சொல்லத்தான் போனாள். மழைக்காலம், மேஸ்திரி வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். நடத்திக் காட்டினாள். நர்ஸம்மாவின் கேள்வியோடு, அச்சுப் பிசகாமல். கைதட்டினார்கள்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், அந்த லேர்னர் கடைசியில என்னதான் பதில் சொன்னாங்க?"

"அது நம்ம கணக்குல வராதும்மா" என்றாள் கிராமர் அக்கா. "உக்காரு."