மயிலாப்பூரில் என் மீனுக்கு ஒரு தீர்ப்பு

பட்டினப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். இதை ஒரு பயணம் என்று எழுதலாமா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் குடியிருப்புப் பெண்களில் பலர் அந்தத் தூரத்தைத் தலையில் மீன்கூடையோடுதான் கடந்திருக்கிறார்கள். என் அம்மா செலினும் அப்படித்தான். கூடை இல்லாமல், அங்கே ஒரு வைத்தியசாலையின் நாற்காலியில் உட்காரப் போவது அவருக்கு இதுவே முதல் முறை. நோயாளி நான்.

ஒரு வருடமாக எனக்கு வயிறு சரியில்லை. இரவு சாப்பிட்டுப் படுத்தால் வயிறு பானைபோல் உப்பும். காலையில் அலுவலகப் பேருந்தைப் பிடிப்பதற்குள் மூன்று முறை கழிவறைக்கு ஓட வேண்டும். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஒன்றும் இல்லை என்று வாயு மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, வயிறு தீரவில்லை. தரமணியில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி மயிலாப்பூரில் உள்ள ஓர் ஆயுர்வேத டாக்டரைப் பற்றிச் சொன்னாள். அம்மாவும் வருகிறேன் என்றார். எனக்குத் துணையாக வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வந்தது மீனுக்குத் துணையாக என்பது போகப் போகத் தெரிந்தது.

காலை எட்டரை மணி, செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் மீன் வியாபாரம் மந்தம், ஒரு நாள் கடை போடாவிட்டால் நட்டமில்லை. அம்மா இரண்டு முறை குளித்திருந்தார். புதுப் புடவை, நெற்றி தெரியாத அளவு பவுடர், தலையில் ஒரு முழம் மல்லி. பக்கத்துக் கடை ரோஸி அக்கா இறாலை உரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"இன்னா செலினு, கல்யாணத்துக்குப் போறியா?"

"வைத்தியராண்ட போறோம்க்கா. ஜெனிக்கு வயிறு செரியில்ல."

"அதான் சொன்னேனே, ஏசி ரூம்புல குந்திக்கினு கீற வயித்துக்கு மீனு ஒத்துக்குமா? மீனை வுடச் சொல்லுவாங்க பாரு. இனிமே உன் பொண்ணுக்கு சாம்பாருதான்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என் பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், பி.எஸ்சி. வேதியியல் பட்டம் எல்லாம் அம்மா தன் கடைப் பலகையில் வெட்டி விற்ற மீனிலிருந்து வந்தவை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்த மீன் எனக்கே ஆகாது என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிட்டால் அம்மா எப்படித் தாங்குவார் என்பது எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. நான் எப்படித் தாங்குவேன் என்பதும்.

ஷேர் ஆட்டோ சாந்தோம் தேவாலயத்தைக் கடந்தபோது அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டி கச்சேரி சாலைக்குள் திரும்பியது. ஓட்டுநருக்குக் கதை கேட்க ஆசை.

"எங்க, கோயிலுக்கா?"

"வைத்தியசாலைக்கு. பொண்ணுக்கு வயித்துக் கோளாறு."

"மீனை வுட்டுப் பாரும்மா. என் மச்சான் அப்டித்தான், மீனை வுட்டான், சும்மா ஜம்முனு ஆயிட்டான்."

"உன் மச்சான் வேற எதை வுட்டான்னு கேட்டுப் பாரு நைனா. நீ முன்னால பாத்து ஓட்டு."

லஸ் வரும்வரை ஓட்டுநர் முன்னால் மட்டும் பார்த்து ஓட்டினார்.

ஒன்பது மணிக்குக் குளத்தங்கரையில் இறங்கினோம். பூக்கடை, பித்தளைக் கடை, நாட்டு மருந்துக் கடை என்று வரிசையாகப் போய், ஒரு சந்தில் திரும்பினால் வைத்தியசாலை. பழைய வீட்டின் முன்கூடத்தைத் தடுத்து, பத்து நாற்காலி போட்டிருந்தார்கள். எண்ணெயும் பெருங்காயமும் கலந்த வாசனை. அம்மா எல்லோரையும் விட்டுத் தள்ளி, வாசலோரம் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஜெனி, வாசன அடிக்குதாடி?"

"மல்லிப்பூதான் அடிக்குது. ஊரையே தூக்குது."

பக்கத்து நாற்காலியில் ஒரு மாமி வந்து உட்கார்ந்தார். தானாகவே பேச ஆரம்பித்தார்.

"பொண்ணுக்கா? எனக்கு மூட்டு வலி. போன தடவை வந்தப்போ ராத்திரி தயிரை நிறுத்தச் சொல்லிட்டா. எங்காத்துல தயிர் இல்லாம சாப்பாடே முடியாது. தட்டுல மிச்ச சாதத்தை வெச்சுண்டு திருதிருன்னு முழிக்கறேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அய்ய, தயிரையுமா வுடச் சொல்றாங்க? மீனைத்தான் வுடச் சொல்லுவாங்கன்னு நாங்க பயந்துக்கினு வந்தோம்."

"மீனா?" என்று மாமி ஒரு கணம் நிறுத்தினார். பிறகு நாற்காலியை நகர்த்தாமலே சொன்னார்: "அவாவாளுக்கு அவாவா சாப்பாடு. விடச் சொன்னா அழுகைதான் வரும், எனக்கு வரலையா?"

இருவரும் சேர்ந்து, உள்ளே இருக்கும் டாக்டரை மெல்லிய குரலில் திட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் முறை வந்தபோது அம்மாவுக்கு எழுந்திருக்கவே மனமில்லை.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். ஆலோசனைக் கட்டணம் நானூறு ரூபாய். என் கை நாடியில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். சரியாகச் செரிக்காத உணவின் மிச்சம் உடம்பில் தங்குவதை ஆயுர்வேதம் 'ஆமம்' என்கிறது, அதன் அடையாளங்களில் ஒன்று இது என்றார். பிறகு கேள்விகள்.

"பசி எப்ப வரும்?"

"ஒன்றரைக்கு லஞ்ச் பிரேக் மேடம்."

"பிரேக் எப்பன்னு கேக்கல. பசி எப்ப?"

அம்மாதான் சொன்னார்: "அதுக்குப் பசியே கெடயாதும்மா. கடிகாரத்தப் பாத்துத் துன்னும்."

டாக்டர் சிரித்தார். வயிற்றில் இருக்கும் செரிமான ஆற்றலை ஒரு அடுப்புத் தீ என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். 'அக்கினி' என்பது அதன் பெயர். முன்பு போட்டது எரிந்து முடிவதற்குள் அடுத்ததைத் திணித்தால் தீ அணைந்து புகையும். உப்புசம் என்பது அந்தப் புகைதான்.

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"வீட்டுக்கு வர ஒன்பதரை ஆயிடும். சோறும் மீன் குழம்பும்."

அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்தார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அப்புறம்?"

"வேற ஒண்ணும் இல்ல. பால் குடிச்சிட்டுப் படுத்துடுவேன்."

எழுதிய பேனா நின்றது. "மீன் சாப்பிட்ட உடனேயேவா?"

"ஒரு டம்ளர் டாக்டரம்மா," என்று அம்மா முந்திக்கொண்டார். குரலில் பெருமை. "பத்தாவதுலேர்ந்து குடுக்கறேன். படிக்கிற புள்ளைக்கு பாலு குடுக்கணும்னு சொன்னாங்க. எங்க வூட்ல வேற யாருக்கும் கெடயாது. டீ கூட நாங்க கடைலதான் குடிப்போம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வார்த்தையைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"அம்மா, மீனை நான் விடச் சொல்லமாட்டேன். பிறந்ததுலேர்ந்து பழகின சாப்பாடு உடம்புக்குத் தெரிஞ்ச சாப்பாடு. அதை 'சாத்மியம்'னு சொல்வோம். கடலோரத்துல வளர்ந்த பொண்ணுக்கு மீன் அப்படித்தான். ஆனா மீன் சூடு, பால் குளிர்ச்சி. ரெண்டும் சேரக் கூடாது. ஒண்ணுக்கொண்ணு விரோதமான சாப்பாடுன்னு எங்க சாஸ்திரத்துல முதல்ல சொல்றதே இந்த ரெண்டையும்தான்."

"நான் கலக்கலியேம்மா. மீனு தட்டுல, பாலு டம்ளர்ல, தனித்தனியாத்தானே குடுத்தேன்?"

"தட்டு வேற, டம்ளர் வேறன்னு வயித்துக்குத் தெரியாதே."

அம்மா மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை, படித்தவள், கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா? பத்தாவதிலிருந்து குடிக்கிறேனே, அப்போதெல்லாம் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றேன். அப்போது எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டார். ஏழு மணிக்குச் சாப்பிடுவேன், படித்து முடித்துப் பதினொரு மணிக்குப் பால். இப்போது சாப்பிட்ட கையோடு பால், பால் குடித்த வாயோடு படுக்கை. சொல்லும்போதே எனக்கு விளங்கியது.

அவர் இன்னொன்றும் சொன்னார். பாலில் உள்ள சர்க்கரை வயது ஏற ஏறப் பலருக்குச் செரிப்பதில்லை, ஆங்கில மருத்துவத்தில் அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. "மூணு வாரம் பாலை நிறுத்திப் பாருங்க. குறையலைன்னா அந்த டெஸ்டை எடுத்துடணும். எடை குறைஞ்சாலோ ரத்தம் போனாலோ எனக்காகக் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க." இதைக் கேட்டதும் அவர்மேல் என் நம்பிக்கை கூடியது.

எழுந்தபோது கடைசியாக ஒன்று: "மீனை மதியத்துக்கு மாத்திக்கோங்க. உச்சி வெயில் நேரத்துலதான் வயித்துத் தீயும் நல்லா எரியும். ராத்திரி ரசம் சாதமோ கஞ்சியோ போதும்."

நான் தலையாட்டினேன். மதியம் என்றால் அலுவலகச் சாப்பாட்டு அறை.

பதினொரு மணிக்கு மயிலாப்பூரில் 12பி ஏறினோம். டாக்டர் எழுதிய சூரணம் தியாகராய நகரில் ஒரு கடையில் கிடைக்கும் என்றார்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்து. ஆழ்வார்பேட்டை மேம்பாலத்து நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

"மீனு தப்பு இல்லன்னாங்களே, சந்தோசம்தானேம்மா?" என்றேன்.

"மீனு தப்பிச்சிச்சு. பாலு நான் குடுத்தது."

"நீ குடுத்த பால்லதான் படிச்சேன். நேரம்தான் மாறிப் போச்சு."

தேனாம்பேட்டை சிக்னலில் அம்மா திடீரென்று திரும்பினார்.

"மதியத்துக்கு மீனு வெச்சுக் குடுத்தா எடுத்துக்கினு போவியா?"

நான் பயந்த கேள்வி அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நெத்திலி வறுவல் கொண்டுபோனேன். சாப்பாட்டு அறையில் யாரோ, "யாருப்பா மெரினாவையே கட்டிக் கொண்டாந்தது?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து எலுமிச்சை சாதமே போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"எலுமிச்ச சோறுன்னா உனுக்கு அவ்ளோ இஷ்டம்னு நெனச்சுக்கினு கீறேன்," என்றார் அம்மா. "இல்லியா?"

"இல்லம்மா."

அம்மா என்னையே பார்த்தார். நான் சொல்லாத மிச்சமும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நானும்தான் காலைல ரெண்டு தபா குளிச்சேன்," என்றார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

பனகல் பூங்கா நிறுத்தத்தில் இறங்கினோம். பெருங்காயம், சுக்கு, மிளகு, சீரகம் எல்லாம் சேர்ந்த சூரணம், நூற்று நாற்பது ரூபாய். முதல் கவளத்தில் நெய்யோடு பிசைந்து சாப்பிட வேண்டும். கடைக்காரர் சொன்னதை அம்மா இரண்டு முறை திருப்பிச் சொல்லிக்காட்டினார்.

ஒரு மணிக்கு உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சைவ உணவகத்தில் சாப்பாடு, நூற்று ஐம்பது ரூபாய். அன்று எனக்கு உண்மையாகவே பசித்தது. பசியை நான் கவனித்தேன் என்பதுதான் விசேஷம். கிண்ணத்தில் பால் பாயசம் வந்தது. அம்மா என் கிண்ணத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"எனுக்கு ஒத்துக்கும். நான்தான் இன்னிக்கு மீனு துன்னலியே!"

இரண்டு கிண்ணமும் காலி. அதோடு அவர் வருத்தமும் பாதி குறைந்ததாக எனக்குத் தோன்றியது.

நான்கு மணிக்கு வீடு திரும்பினோம். கடல் காற்று முகத்தில் அடித்தது. ரோஸி அக்கா காத்திருந்தார்.

"இன்னா செலினு, மீனை வுடச் சொல்ட்டாங்களா?"

அம்மா நின்று, நான்கு கடைக்குக் கேட்கும்படி சொன்னார்: "என் பொண்ணுக்கு மீனு ஒத்துக்குமாம்! பாலுதான் ஒத்துக்காதாம்! டாக்டரம்மாவே சொல்ட்டாங்க!"

மூன்று வாரம் கழித்து இதை எழுதுகிறேன். உப்புசம் பெருமளவு அடங்கிவிட்டது. காலை ஓட்டம் நின்றுவிட்டது. காரணம் மீனும் பாலும் பிரிந்ததா, பால் மட்டுமா, நேரத்துக்குச் சாப்பிட்டதா என்று வேதியியல் படித்த மனசு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வயிறு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மயிலாப்பூருக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் இருப்பது இருபது ரூபாய்த் தூரம்தான். தரமணியில் என் மேசைக்கும் அம்மாவின் பலகைக்கும் நடுவில் இருந்த தூரம்தான் பெரிது. அதையும் வைத்தியசாலைக்குப் போன மறுநாளே கடந்தேன்.

ஒன்றரை மணி. சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்தேன். சூரணத்தை நெய்யோடு சோற்றில் பிசைந்து முதல் கவளத்தை உண்டேன். பிறகு குழம்பு. வாசனை மேசை முழுக்கப் பரவியது. எதிரில் இருந்தவன் நிமிர்ந்தான்.

"ஜெனி, இது என்ன மீன்?"

"சங்கரா," என்றேன். "எங்கம்மா விக்கிறது. ஒரு துண்டு வேணுமா?"

தட்டை நீட்டினான்.