இரண்டு கன்னத்திலும் வெட்டு

அன்சார் போய்விட்டான்.

நேற்று காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். ஹார்ட் அட்டாக். அவன் தம்பி ரியாஸ் போனில் சொன்னபோது "சரிப்பா... சரிப்பா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது.

இன்னும் அழுகை வரவில்லை.

2007. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் அனிமேஷன் இன்ஸ்டிட்யூட். எனக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். காலையில் அவன், மதியம் நான்.

ஃபைனல் ப்ராஜெக்ட், அப்படியே ஒரு கேமில் போடுகிற மாதிரி கற்பனை ராஜா ஒருவனின் பஸ்ட். தலையிலிருந்து மார்பு வரை. முகம் செய்வது அன்சார், கலர் அடிப்பது நான்.

நாங்கள் எல்லோரும் முகத்தில் பாதியைச் செய்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி அதையே மறுபாதிக்கும் மிரர் அடித்துவிடுவோம். இவன் மட்டும் மாட்டேன் என்றான்.

"நெசமா எவன் மூஞ்சி மச்சான் ரெண்டு பக்கமும் ஒண்ணா கீது? பம்மல் பஸ்ல ஏறிப் பாரு."

அவன் ராஜாவுக்கு ஒரு கண் கொஞ்சம் இறங்கியிருக்கும். தாடை அந்தப் பக்கமாகவே கோணியிருக்கும். மூன்று வாரம் உட்கார்ந்து செய்தான். அவ்வளவு அழகு அந்தக் கோணல்...

சப்மிஷனுக்கு முந்தின நாள் மதியம். எனக்குச் சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. பாதி முகத்துக்குக் கலர் அடித்தால் போதுமே என்று, கோணலாக இருந்த பாதியை அழித்துவிட்டு மிரர் அடித்தேன். அதே பெயரில் சேவ் செய்தேன். வேறு காப்பி கிடையாது.

மறுநாள் காலையில் அன்சார் வந்து ஃபைலைத் திறந்து பார்த்தான்.

"கரண்ட் போயிடுச்சுடா. ஃபைல் போச்சு. பாதிதான் கிடைச்சுது, மிரர் அடிச்சு ஒப்பேத்திட்டேன்" என்றேன். பச்சைப் பொய்.

நம்பிவிட்டான். "உடு மச்சான், நீ இன்னா பண்ணுவே" என்று முதுகில் தட்டினான்.

இருந்த மூன்று மணி நேரத்தில் கண்ணை மட்டும் இறக்கினான். ஒரு கன்னத்தில் நான் வரைந்த வெட்டுத் தழும்பு, மிரர் அடித்ததால் இரண்டு கன்னத்திலும் அப்படியே நின்றது.

"ஏம்ப்பா, ரெண்டு பக்கமும் ஒரே வெட்டு?" என்றார் சார்.

"வெட்டுனவன் ரெண்டு கைலயும் கத்தி வச்சிருந்தான் சார்."

கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தத் தலையைக் காட்டித்தான் வேலை தேடினான். மிரர் அடித்த மூஞ்சி என்று போன இடத்திலெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடம் கீழ்க்கட்டளையில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்தான். கல்யாண பேனர், காதுகுத்து பேனர்... அதற்கப்புறம்தான் கேம் கம்பெனி.

ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அவனே யாரிடமாவது அந்தக் கரண்ட் கதையை ஆரம்பித்துவிடுவான். "அடிக்கடி சேவ் பண்ணுங்கடா, எங்களுக்கு ஆனது போதும்." நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். எனக்கே அசிங்கமாக இருக்கும்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பம்மலில் அடக்கம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ரியாஸ் பக்கத்தில் வந்தான்.

"குமார் அண்ணா... கரண்ட் போய் அழிஞ்சுதே ஒரு ராஜா மூஞ்சி, அது நீங்க ரெண்டு பேரும் பண்ணதுதானே? அண்ணன் சொல்லிக்கினே இருக்கும்."

"ஆமாப்பா" என்றேன்.

போயிட்டு வாடா அன்சார்.